சுழன்ற பந்தும் ஊதாத விசிலும்

கோமதிநாயகம் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்று தீர்ப்புச் சொல்லும்படி என் வீட்டுக்கே ஆள் வரத் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியனுக்கு வேறு என்ன சோலி இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் தீர்ப்பை ஏற்கெனவே மனசுக்குள் எழுதிவிட்டு வருகிறார்கள். நான் தலையாட்டினால் 'சாரே சொல்லிட்டாவ' என்று போய் டீக்கடையில் சொல்ல வேண்டும். ஆட்டாவிட்டால் 'சாருக்கு வயசாயிட்டு.' இவ்வளவுதான் என் மதிப்பு.

நான் சொல்வது வாலிபால். எங்கள் வட்டாரத்தில் தறி ஓட்டுகிறவர்கள், கடைக்காரர்கள், வாத்தியார்கள், மழையை நம்பி உளுந்து விதைக்கிறவர்கள் என்று எல்லாருக்கும் ஒரு கிளப் இருக்கும். ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பரம எதிரியும் இருக்கும். எங்கள் சங்கரன்கோவில் அணிக்கு எதிரி குருவிகுளம் அணி. இரண்டு ஊருக்கும் நடுவில் பெண் எடுத்துப் பெண் கொடுத்த எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஆட்டம் என்று வந்துவிட்டால் மாமனும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நாயகம் அரசுப் பேருந்தில் நடத்துநர். எங்கள் ஊர் அணியில் லிஃப்டர். எதிரணி அனுப்பும் பந்தை முதலில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். அதை வாங்கி, அடிக்கிறவனுக்குத் தோதாக நெட்டுக்கு மேலே தூக்கி வைப்பது லிஃப்டரின் வேலை. அடிக்கிறவன் எம்பி அடித்தால் கூட்டம் எழுந்து நின்று கத்தும். தூக்கி வைத்தவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் நாயகம் ஆடுவதை நிறுத்திய பிறகு இந்தச் சண்டை ஓய மாட்டேன் என்கிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் நான் காதாரக் கேட்டது இது:

"நாயகம் ஒரு அடி அடிச்சிப் பாத்திருக்கியா? அடிச்சது பூரா அந்தோணி. பேரு மட்டும் நாயகத்துக்கா?"

"அந்தோணி போன வருசம் வேற டீமுக்குப் போனானே, என்னத்தக் கிழிச்சான்? அங்கன நாயகம் இல்லையேன்னு அவனே அழுதாம்லா."

"சரிவே, அப்ப அந்த பைனல் பந்து? அது டபுள்தான?"

இந்தக் கடைசிக் கேள்வி வந்துவிட்டால் போதும். எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். ஏனென்றால் அந்த பைனலில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுவர் ஸ்டாண்டின் மேலே நின்றவன் நான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படி அங்கே ஏறினேன் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் வேலை. சனி, ஞாயிறுகளில் நடுவர் வேலை. சம்பளம் பள்ளிக்கூடத்தில் வந்தது, உயிர் விசிலில் இருந்தது. என் மனைவி இதை வேறு மாதிரிச் சொல்வாள், அது அச்சில் ஏறாது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் தேவசகாயம் சார். எங்கள் பக்கத்து நடுவர்களுக்கெல்லாம் தலைமை. மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேன்ட்டுமாகக் கரிசல் மைதானத்தில் நடந்து வருவார், உடுப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்காது. எப்படி நடந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் யாரையும் 'நீ' என்றும் சொல்ல மாட்டார், 'நீங்கள்' என்றும் சொல்ல மாட்டார். "நெட் பாத்தாச்சா?" "விசில் கொண்டுவந்தாச்சா?" என்பதுதான் பேச்சு. பத்தாம் வகுப்புப் பையனிடமும் அப்படித்தான், கலெக்டர் வந்தாலும் அப்படித்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் அவர் நெட்டைச் சோதிப்பதைப் பார்க்கவே நாங்கள் சீக்கிரம் போவோம். அளவுகோலை முதலில் நடுவில் நிறுத்துவார். பிறகு இரண்டு ஓரங்களிலும். பிறகு மேல் கயிற்றை ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு அது அதிர்ந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். தொய்வாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். கயிற்றையே பார்த்தபடி நிற்பார். கட்டியவன் எங்கிருந்தாலும் ஓடிவந்து அவிழ்த்துத் திரும்பக் கட்டுவான்.

பயிற்சிக் காலம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தொப்பியைத் தலையில் வைத்து, முன்பக்கத்தைப் புருவம்வரை இழுத்துவிட்டு, நெட் ஓரத்தில் ஒரு பெஞ்சின் மேல் என்னை நிற்க வைத்தார். அப்படி நின்றால் மேலே போகும் பந்து தெரியாது. பந்து வந்து தொடும் கைகள் மட்டும் தெரியும். பந்து எங்கே போகிறது என்று ஆசைப்பட்டு நிமிர்ந்தால், "நிமிந்தாச்சு" என்பார். அவ்வளவுதான். அதற்கு இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். ஒவ்வொரு பந்து முடிந்ததும், "எந்தக் கை மொதல்ல பட்டது?" என்று கேட்பார். பல மாதங்கள் அந்தத் தொப்பியோடு ஓடின. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், பந்தைப் பார்க்காமல் என்ன ஆட்டம் சார் என்று.

"பந்து எங்க விழுந்துச்சுன்னு ஊரே பாத்துச் சொல்லிரும். கை என்ன செஞ்சதுன்னு சொல்லத்தான் அங்கன ஒரு ஆள ஏத்தி நிறுத்தியிருக்கு" என்றார்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். லிஃப்டரின் இரண்டு கைகளும் பந்தை ஒரே நேரத்தில் தொட்டு ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒரு கை முந்தி, ஒரு கை பிந்திப் பட்டால் அது டபுள். நடுவர் விசில் ஊதி இரண்டு விரல்களைக் காட்டுவார், புள்ளி எதிரணிக்குப் போய்விடும். அப்படி இரட்டைக் கையாகப் பட்ட பந்து பெரும்பாலும் சுழன்றுகொண்டு போகும். அதனால் எங்கள் பக்கத்தில் பந்து சுழன்றாலே டபுள் என்று ஆகிவிட்டது. "சுத்துது! சுத்துது!" என்று கூட்டம் கத்தும். ஆட்டக்காரர்களும் அப்படித்தான். சுழலும் பந்தைக் கண்டால் ஆடுவதை விட்டுவிட்டு, விசில் வரும் என்று நடுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். முக்கால்வாசி நடுவர்கள் ஊதியும் விடுவார்கள். பந்து சுழலக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நாயகத்தை நான் முதலில் பார்த்தது ஏதோ ஒரு சின்ன டோர்னமென்ட்டில். ஒல்லியான ஆள், பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. முதல் பந்து அவர் கைக்கு வந்து போனது, எனக்குச் சத்தமே கேட்கவில்லை. எல்லா லிஃப்டர் கையிலும் பந்து படும்போது ஒரு 'தப்' இருக்கும். மோசமான கை என்றால் 'தப-தப்' என்று இரண்டாகக் கேட்கும். நாயகத்தின் கையில் பந்து வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போகும் பந்து அசையாமல், சுழலாமல், யாரோ தட்டில் வைத்து எடுத்துப்போவது போலப் போகும். அதில் அச்சடித்திருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். அன்று நான் நெட் ஓரத்து ஸ்டாண்டில் நின்றபடி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது. தேவசகாயம் சார் கீழே இருந்து, "விசில் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்களில் நான் மேலே, அவர் கீழே. கூட்டம் அந்தோணியைப் பார்க்கும். எனக்கு நாயகத்தின் கையைப் பார்க்கும் வேலை. மைதானத்திலேயே நல்ல வேலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். எதிரணியில் மூன்று பேர் எம்பித் தடுக்கத் தயாராக நின்றால், அவர்கள் எங்கே இல்லையோ அங்கே பந்தை வைப்பார். அதற்காகத் தலையைத் திருப்பிப் பார்த்ததே கிடையாது. கூட்டம் பிதுங்கும் பேருந்தில் யார் டிக்கெட் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று திரும்பாமலே தெரிந்துகொள்கிற மனிதருக்கு இது என்ன பிரமாதம் என்று ரசிகர்கள் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் நிஜமும் உண்டு.

இளையரசனேந்தலில் ஒரு ஆட்டம் நினைவிருக்கிறது. நாயகம் தாழ்ந்து வந்த பந்துக்காக முழங்கால் மடக்கி விழுந்து எடுத்தார். பந்து வழக்கம்போலச் சுழலாமல் போனது. அந்தோணி அடித்தான், கூட்டம் எழுந்தது. நான் ஊதி இரண்டு விரலைக் காட்டினேன். டபுள். இடது கை ஒரு மயிரிழை முந்திப் பட்டதை நான் பார்த்தேன்.

எங்கள் ஊர்க் கூட்டம் கொதித்துப்போயிற்று. சுடலைமணி என்று ஒருவர், நான்கு தறி வைத்திருப்பவர், நாயகத்தின் பரம பக்தர். கயிற்றைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

"சார், பந்து சுத்தவே இல்லயே! எதுக்கு ஊதுனிய? கண்ணக் கழத்தி வீட்ல வச்சிட்டு வந்திருக்கியளா?"

நாயகம் எழுந்து, உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்தது போன்ற பார்வை. பிறகு சுடலைமணியிடம், "கை முந்திப் பட்டுச்சு அண்ணாச்சி. போய் உக்காருங்க" என்றார்.

சரி, பைனலுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஆடித்தபசு முடிந்த மறுவாரம் நடக்கும் போட்டி அது. சங்கரன்கோவிலும் குருவிகுளமும். உள்ளூர்ப் பள்ளியில் வேலை பார்க்கிற நான் நடுவராக ஏறக் கூடாது என்று நானே ஒதுங்கினேன். குருவிகுளம் அணித் தலைவர் ராஜாதான் விடவில்லை. ஆறடி உயரம். நெட்டுக்கு மேலே அவர் கை எழும்பினால் அதைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். அந்தோணியின் அடியை அதிகம் தடுத்தவர் அவர்தான்.

"உள்ளூரா இருந்தா என்ன? இளையரசனேந்தல்ல சொந்த ஊருக்கே டபுள் ஊதுன ஆளுல்லா. பி.டி. சாரே ஏறட்டும்" என்றார்.

தேவசகாயம் சார் மேசையில் தலைமை நடுவராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "ஏறியாச்சா?" என்றார். ஏறினேன்.

ஆடி மாதக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே கணவாய் வழியாகப் புகுந்து வந்து ஒரு சாத்து சாத்தும். அன்று பிளக்ஸ் பேனர் கிழிந்து பறந்தது. அசையாமல் போகும் நாயகத்தின் பந்துதான் அந்தக் காற்றில் அதிகம் கஷ்டப்பட்டது. சுழலாத பந்தைக் காற்று இஷ்டத்துக்கு இழுத்தது. அந்தோணி எம்பிய இடத்தில் பந்து இருக்காது. நாயகம் பந்தை உயரமாகத் தூக்குவதை விட்டுத் தாழ்வாகவும் வேகமாகவும் கொடுக்க ஆரம்பித்தார். அப்படிக் கொடுத்தால் எங்கே வரும் என்று ராஜாவுக்குச் சுலபமாகத் தெரிந்துவிடும். ராஜா எம்பி எம்பி அந்தோணியை அடக்கினார். கடைசி செட். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை எங்கள் ஊருக்கு. அந்த ஒரு புள்ளி வரவே மாட்டேன் என்றது. குருவிகுளம் ஒவ்வொன்றாக எடுத்து நெருங்கி வந்துகொண்டிருந்தது.

குருவிகுளத்து சர்வீஸ். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கையில் பட்டு, பந்து கண்டபடி பின்னால் பறந்தது. நாயகம் அதன் பின்னால் ஓடினார். நான் பந்தை விட்டுவிட்டேன். இதுதான் எங்கள் வேலையின் சூட்சுமம். பந்து வந்து சேர்வதற்கு முன்னால் கண் போய்க் கையின்மேல் உட்கார்ந்துவிட வேண்டும். பந்து தானாக அங்கே வரும்.

வந்தது. பத்து விரலும் ஒன்றாகத் தொட்டன. ஒன்றாக விட்டன. விடும் நேரத்தில், நான் அதுவரை அவரிடம் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரு சுண்டு சுண்டின. பந்து பம்பரமாகச் சுழன்றுகொண்டு காற்றைக் கிழித்துப் போயிற்று.

"சுத்துது!" என்று மைதானமே அலறியது. எங்கள் ஊர்க்காரர்களே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டதை நான் பிறகு வீடியோவில் பார்த்தேன். தடுக்கத் தயாராக நின்ற ராஜா கையைக் கீழே போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, தன் கையாலேயே இரண்டு விரலைக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களும் நின்றது நின்றபடி என்னையே பார்த்தார்கள். விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. நான் ஊதவில்லை.

அந்தோணி ஒருவன்தான் நிற்கவில்லை. எம்பி அடித்தான். தடுக்க ஆள் இல்லை. பந்து குருவிகுளத்துத் தரையில் விழுந்த பிறகு ஊதினேன். கையை எங்கள் ஊர்ப் பக்கம் நீட்டினேன்.

அதன் பிறகு நடந்ததை முழுதாகச் சொன்னால் வம்பு. நான் ஸ்டாண்டை விட்டு இறங்குவதற்குள் ராஜா வந்து கீழே நின்றார். அழுதுகொண்டே கேட்டார்:

"சார், இவன் பந்து என்னைக்காவது சுத்திப் பாத்திருக்கியளா? இத்தன வருசத்துல ஒரு நா? சுத்தாத பந்து சுத்துச்சுன்னா அது டபுள் இல்லாம வேற என்ன சார்?"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. வேறு யாருடைய பந்தாக இருந்தாலும் சந்தேகத்தின் பலன் கிடைத்திருக்கும். இத்தனை காலம் சுத்தமாக ஆடியதே நாயகத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "நான் கையைப் பார்த்தேன் ராஜா" என்றேன். அவர் காதில் ஏறவில்லை. குருவிகுளத்துக்காரர்கள் இரண்டாம் பரிசை வாங்காமல் வேன் ஏறிப் போனார்கள்.

மேசைக்குப் போனேன். தேவசகாயம் சார் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"கையப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்."

"அப்பச் சாப்பிடப் போகலாம்" என்று எழுந்துவிட்டார். இன்று அவர் இல்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அந்தச் சாப்பாட்டு அழைப்புதான்.

பந்து ஏன் சுழன்றது என்று எனக்குள் நானே யோசித்து ஒரு விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். காற்றுதான். சுழலும் பந்து காற்றில் அலையாது, விட்ட கோட்டிலேயே போகும். இதைக் கண்டுபிடித்த பெருமையில் பல வருடம் நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

நாயகத்துக்கு மூட்டு வலி வந்து, ஆடுவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று சுடலைமணி கிளம்பினார். எங்கள் பக்கத்துக் கிளப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிற ஆட்டக்காரருக்கு முதல் பொன்னாடையைப் பரம எதிரி அணியின் தலைவர்தான் போர்த்த வேண்டும். எம்.எல்.ஏ. வந்தாலும் அவருக்குப் பிறகுதான். எதிரி வந்து போர்த்தாத விழாவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ராஜா வர முடியாது என்றுவிட்டார். போதாக்குறைக்கு யாரோ அந்தப் பழைய வீடியோவைத் தோண்டியெடுத்து, பந்து சுழல்வதை மெதுவாக ஓட்டி, வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். பார்க்கிறவன் எவனும் கையைப் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்தான்.

சுடலைமணி என் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"நாயகம் ஒத்தக் கால்ல நிக்கான் சார். ராசா வந்து போத்தலன்னா விழாவே வேண்டாம்ங்கான். ஒரு பந்துக்காக அவன் ஆடுன ஆட்டம் பூரா கள்ள ஆட்டம்னு ஆயிரும் போலுக்கே!"

"ராஜா என்ன சொல்லுதார்?"

"அம்பயர் எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்ங்கார். அது சுத்தமான பந்துன்னு நீங்க மைக்ல சொன்னா வாரேன்னு சொல்லுதார்."

"சொல்லுதேன். வரச் சொல்லுங்க" என்றேன்.

இதற்கு நடுவில் எங்கள் ஊரில் இளம் நடுவர்களுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. ஒரு பையன் எழுந்து, வெளிநாட்டுக் கல்லூரி ஆட்டங்களில் லிஃப்டருக்கு டபுள் ஊதுவதையே தளர்த்திவிட்டார்களாமே, இனிமேல் கையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஞாயித்துக்கெழம விழாவுக்கு வாங்க, சொல்லுதேன்" என்றேன். அத்தனை பேரும் வந்தார்கள்.

விழா மைதானத்திலேயே நடந்தது. நெட் கட்டும் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பந்தல். ராஜா தன் ஆட்களோடு வந்து, மேடைக்கு வராமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டார். மைக்கைப் பிடித்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பத்து விரலும் ஒன்றாகத் தொட்டதை, ஒன்றாக விட்டதை, மணிக்கட்டு இரண்டும் ஒன்றாகச் சுண்டியதை. காற்றை வெல்ல ஒரு மேதை கண்டுபிடித்த வழி அது என்றேன். "இந்தக் கண்ணால பாத்தேன் ராஜா. அது சுத்தமான பந்து" என்றேன். அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கே உறைத்தது.

ராஜா மெதுவாக மேடைக்கு வந்தார். சுடலைமணி பொன்னாடையைக் கையில் கொடுத்தார். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு ராஜா நின்றாரே தவிர, போர்த்தவில்லை.

"சார் சொன்னா நம்புதேன். ஆனா ஒண்ணு கேக்கணும்" என்று நாயகத்தைப் பார்த்தார். "காத்து அன்னைக்குக் காலம்பறல இருந்து அடிச்சிது. நீ ஆட்டம் பூரா சுத்தாமத்தான போட்ட? கடசிப் பந்து மட்டும் ஏம்ல சுத்திச்சு?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் காற்றுக் கண்டுபிடிப்பு காற்றோடு போயிற்று. நாயகம் "ஆமா, அப்பத்தான் தோணிச்சு" என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும், பொன்னாடை தோளில் ஏறியிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"சார் எம்மேல உள்ள பிரியத்துல காத்துன்னு சொல்லுதாவ. காத்துக்காக இல்ல ராசா. ஒனக்காகத்தான் போட்டேன். நீ குதிச்சா அன்னைக்கு அந்தோணி அடி தாண்டாது. ஒன்ன நிறுத்தணும். எம் பந்து சுத்தினா நீ நிப்பன்னு எனக்குத் தெரியும். நீ மட்டுமில்ல, எல்லாரும் நிப்பாவ. அந்தோணிக்கு மட்டும் காலம்பறயே சொல்லிட்டேன், விசில் சத்தம் காதுல விழாம நிக்காதன்னு."

ராஜாவின் கையில் பொன்னாடை அப்படியே இருந்தது.

"சார் ஊதியிருந்தா?" என்றார் ராஜா.

"வேற அம்பயர்னா ஊதியிருப்பாவ. அப்பிடின்னா நான் போட்டிருக்கவே மாட்டேன். இத்தன வருசம் ஆடினதுல இவுக ஒருத்தர்தான் பந்தப் பாக்காத ஆளு. இப்பிடி ஒரு பைனலுக்கு இவுக எப்ப ஸ்டாண்டுல ஏறுவாவன்னு காத்துக் கெடந்தேன். அன்னைக்கு நீதான் இவுகள ஏத்தி விட்ட."

நான் பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். ராஜா ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயந்து சுடலைமணி இரண்டடி முன்னால் வந்தார். ராஜா அவரைக் கவனிக்கவே இல்லை. நாயகத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டார். பொன்னாடையை நாயகத்தின் தோளில் போட்டு, அதன் இரண்டு நுனியையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு மைக்குக்கு முன்னால் வந்தார்.

"குருவிகுளத்துக்காரன் சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. பந்து சுத்தம். இவன மாதிரி இன்னொருத்தன் மட்டும் வேண்டாம் மக்கா. எங்களால தாங்க முடியாது."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. முகாமில் கேள்வி கேட்ட பையன் என் பக்கத்தில் வந்து குனிந்து, "சார், அப்ப அவரு உங்களயும் வச்சு ஆடியிருக்காரா?" என்று கேட்டான். ஆட்டத்துக்கு வெளியே, எல்லாருக்கும் மேலே நின்று, அவருடைய கையை நான் கவனித்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும், அவர் கீழே நின்று என் கண்ணைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.